நகரத்தின் இரு வாசல்கள்

உலக விளையாட்டு விழா நடக்கும் நாட்களில் ஒரு நகருக்குச் சென்று வருபவன் அந்த நகரைக் கண்டவன் ஆவானா என்னும் வினா, பார்வைக்குச் சிறியதாகத் தோன்றினும், கலை இலக்கியத்தோடு நெருங்கிய தொடர்புடையது. அவன் கண்டது பொய்யன்று. அவன் நடந்த வீதி துப்புரவாகவே இருந்தது. ஏறிய வண்டி நேரந்தவறாமல் வந்தது. வழி கேட்டபோது மக்கள் முகமலர்ந்து விடை சொன்னார்கள். ஆயினும் அந்த வீதி எப்போது துப்புரவாயிற்று, யாருடைய கைகள் அதைத் துப்புரவாக்கின, முன்னர் அங்கே இருந்தவர்கள் எங்கே போயினர் என்பன அவன் கண்ணுக்கு எட்டுவதில்லை. கண்டதை மட்டும் எழுதுபவன் நேர்மையாளனாக இருக்கலாம். ஆனால் அவனுடைய நேர்மை ஒன்றே நமக்கு உண்மையைத் தந்துவிடாது.

பாடசாலைகளை அறிந்தவர்க்கு இது புதுமையன்று. பரிசோதகர் வருகின்றார் என்னும் செய்தி எட்டியதும் சுவர்கள் வெள்ளையடிக்கப்படும். கால் முறிந்த வாங்குகள் பின்கட்டுக்குப் போகும். வாசிக்கத் திணறும் பிள்ளை அன்று கடைசி வரிசையில் மறைக்கப்படுவான். பரிசோதகர் எழுதும் அறிக்கையில் ஒரு சொல்லும் பொய்யாக இராது. எனினும் அந்த அறிக்கையைக் கொண்டு அந்தப் பாடசாலையை எவராலும் அறிய முடியாது.

1936ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் பெர்லின் நகருக்கு ஒலிம்பிக் போட்டிகளைக் காணச் சென்ற பிறநாட்டவர்க்கு நிகழ்ந்ததும் இதுவே. யூதர்களை விலக்கும் அறிவித்தல் பலகைகள் அந்த நாட்களுக்கு மட்டும் கழற்றி வைக்கப்பட்டன. போட்டிகள் தொடங்க இரு வாரங்களே இருக்கையில், யூலை 16ஆம் திகதி, நகரில் வாழ்ந்த றோமா இன மக்கள் சுற்றிவளைக்கப்பட்டு, நகரின் ஓரத்தே மார்சான் என்னுமிடத்தில் அமைக்கப்பட்ட முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். வந்த விருந்தினரோ கொடிகளையும் இசையையும் ஒழுங்கையும் கண்டு வியந்து திரும்பினர். அந்த விருந்தினரின் பார்வையையே கலையாக உயர்த்தியது லெனி றீபென்ஸ்டாலின் ‘ஒலிம்பியா’ என்னும் திரைப்படம். 1938இல் வெளிவந்த அப்படத்தின் தொழில்நுட்பச் சிறப்பை எவரும் மறுப்பதற்கில்லை. ஆனால் அதில் மரதன் ஓட்டத்தை வென்று நிற்கும் வீரர், யப்பானியச் சின்னம் அணிவிக்கப்பட்ட கொரியர். அவருடைய நாடு அப்போது யப்பானின் அடிமை நாடு. சோன் கீ-சொங் என்னும் அவ்வீரரின் புகைப்படத்தை வெளியிட்ட ‘தொங்-ஆ இல்போ’ என்னும் கொரியப் பத்திரிகை, அவர் மார்பிலிருந்த கொடியை அழித்துவிட்டு அச்சிட்டது. அதற்காக அப்பத்திரிகை நிறுத்தி வைக்கப்பட்டது. கமரா காட்டிய உண்மையைக் காட்டிலும், பத்திரிகைக் காரியாலயத்தில் கொடியை அழித்த கை பெரிய உண்மையைச் சொல்லிற்று என்பதே நமது கருத்து.

விழாக்கால நகரத்தைக் கலைஞன் எவ்வாறு காண வேண்டும் என்பதை இன்னும் நுணுகி ஆராய்வதற்கு டோக்கியோ நகரம் நமக்கு வாய்ப்பளிக்கின்றது. அந்நகரின் 1964ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டிகளைத் தொட்டு எழுந்த இரு படைப்புக்களை இங்கு எடுத்துக்கொள்வோம். ஒன்று, 1965இல் வெளிவந்த இச்சிக்காவா கொன்னின் ‘டோக்கியோ ஒலிம்பியாட்’ என்னும் ஆவணத் திரைப்படம். மற்றது, சரியாக அரை நூற்றாண்டின் பின், 2014இல், யூ மிரி என்னும் எழுத்தாளர் வெளியிட்ட நாவல். உயெனோ புகையிரத நிலையத்தின் பூங்கா வாசலைத் தலைப்பிலே கொண்டது அது. முன்னது, விருந்தினர் வந்திறங்கிய ஹனேடா விமான நிலையத்தின் வழியாக நகருக்குள் நுழைகின்றது. பின்னது, வடபுலத்து ஏழைகள் வேலை தேடி வந்திறங்கிய உயெனோ நிலையத்தின் வழியாக நுழைகின்றது. நகரம் ஒன்றே, வாசல்கள் இரண்டு.

முதலில் 1964ஆம் ஆண்டின் டோக்கியோவை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். 1940இல் நடத்துவதற்கென அந்நகருக்கு அளிக்கப்பட்ட ஒலிம்பிக் போட்டியை, சீனத்தின் மீது தான் தொடுத்த போரின் காரணமாக 1938இலே யப்பான் கைவிட்டிருந்தது. 1945 மார்ச் மாதத்தில் அமெரிக்க விமானங்கள் பொழிந்த தீக்குண்டுகளால் நகரின் பெரும்பகுதி சாம்பலாயிற்று. எனவே 1964 ஒக்டோபர் 10ஆம் திகதி 93 நாடுகளின் வீரர்கள் அங்கு அணிவகுத்தபோது, அந்த மக்கள் கொண்ட பெருமிதத்தை வெறும் ஆடம்பரம் என்று தள்ளிவிடுதல் தகாது. கொப்பரையில் தீபத்தை ஏற்றிய இளைஞரான சக்காய் யொஷினோரி, ஹிரோஷிமா மாவட்டத்தில் 1945 ஓகஸ்ட் 6ஆம் திகதி, அணுகுண்டு விழுந்த அதே நாளிற் பிறந்தவர். போரால் நொந்த ஒரு மக்கட் கூட்டம் உலகுக்குச் சமாதானம் பேச விரும்பியதன் அடையாளம் அது.

அந்த விழாவுக்காக நகரமே உருமாற்றப்பட்டது. ஹனேடாவிலிருந்து நகருக்குச் செல்லும் ஒற்றைத் தண்டவாள வண்டி செப்டெம்பர் 17ஆம் திகதியும், ஒசாக்காவுக்குச் செல்லும் அதிவேகப் புகையிரதம் ஒக்டோபர் 1ஆம் திகதியும் ஓடத் தொடங்கின. அமெரிக்கப் படையினரின் குடியிருப்பாக இருந்த ‘வாஷிங்டன் ஹைட்ஸ்’ மீட்கப்பட்டு வீரர்களின் கிராமமாயிற்று. ஹிரோஷிகே முதலிய ஓவியர்கள் தீட்டிப் புகழ்பெற்ற நிஹொன்பாஷிப் பாலத்தின் தலைக்கு மேலேயே கொங்கிறீற்று நெடுஞ்சாலை ஒன்று போடப்பட்டது. வந்த விருந்தினன் அச்சாலையிலே விரைந்தான்; கீழே நிழலுள் அமிழ்ந்த பாலத்தை அவன் பார்த்திருக்க நியாயமில்லை.

இச்சிக்காவா இந்த நிழலை அறியாதவரல்லர். அவருடைய படம் உதயசூரியனோடு தொடங்குகின்றது. அடுத்து வருவது அரங்கோ கொடியோ அன்று. கட்டடங்களை இடித்துத் தகர்க்கும் இரும்புக் குண்டு. புதிய நகரம் பழைய நகரை இடித்தே எழுந்தது என்பதை முதற் சில கணங்களிலேயே சொல்லிவிடும் துணிவு அவருக்கிருந்தது. அரசாங்கம் பணித்துச் செய்வித்த படமொன்று இவ்வாறு தொடங்குவது எளிய காரியமன்று.

அதன் பின்னர் படம் செல்லும் வழியும் அரசாங்கம் எதிர்பார்த்த வழியன்று. வென்றவரைக் காட்டிலும் தோற்றவரிடத்தும், சாதனையைக் காட்டிலும் களைப்பினிடத்தும் அவர் கமரா தங்கி நிற்கின்றது. சுதந்திரம் பெற்று நான்கே ஆண்டுகளான சாட் நாட்டிலிருந்து வந்த அகமது இசா என்னும் ஓட்டக்காரர் உணவுச்சாலையிலே பல நாட்டவர் நடுவில் தனித்திருந்து உண்கின்றார், ஓடுகின்றார், இறுதிப் போட்டிக்குத் தெரிவாகாமல் திரும்புகின்றார். பதக்கப் பட்டியலில் இடம்பெறாத இம்மனிதருக்குப் படத்தில் ஓர் அத்தியாயமே ஒதுக்கப்பட்டிருக்கின்றது. மகளிர் கைப்பந்தாட்டத்திலே யப்பானிய அணி சோவியத் அணியை வென்றபோது, ஆர்ப்பரிக்கும் கூட்டத்தை விட்டு, தனித்து நிற்கும் பயிற்சியாளர் முகத்தில் தெரியும் வெறுமையைக் கமரா பிடிக்கின்றது. எத்தியோப்பிய வீரர் அபேபே பிகிலா மரதன் ஓடும் காட்சியிலோ, நகரம், வீதி, கூட்டம் யாவும் மங்கி மறைய, உழைக்கும் மனித முகம் ஒன்றே திரையை நிறைத்து நிற்கின்றது. படத்தின் முடிவில் வரும் வாசகமும், உருவாக்கப்பட்ட இந்தச் சமாதானம் நான்காண்டுக்கு ஒரு முறை காணும் கனவாகவே நின்றுவிடலாமா என்னும் கருத்தை எழுப்புகின்றது.

இப்படத்தை அதிகாரம் வரவேற்கவில்லை. ஒலிம்பிக் விடயத்துக்குப் பொறுப்பாயிருந்த அமைச்சர் கோனோ இச்சிரோ, முன்னோட்டமாகக் காட்டப்பட்ட படத்தைப் பார்த்துவிட்டு, இது கலையாக இருக்கலாம், ஆவணமாகாது என்னும் பொருள்படக் கண்டித்தார். நடிகை தக்கமீனே ஹிடெக்கோ பத்திரிகையில் எழுதி இயக்குநரின் பக்கம் நின்றார். மக்களோ திரள் திரளாகச் சென்று படத்தைப் பார்த்தனர். அமைச்சர் கேட்டது என்ன? வென்றவர் பெயர், கொடி, கட்டடம், ஒழுங்கு. அதாவது பரிசோதகரின் அறிக்கை. இச்சிக்காவா கொடுத்தது மனிதனை. இந்த அளவில் அவர் படம் றீபென்ஸ்டாலின் படத்துக்கு நேர் எதிரானது. மனிதாபிமானக் கலையின் வெற்றியென்றே அதனை நாம் கொள்ளுகின்றோம்.

இயக்குநர் திரையிலே தேடிய இந்த மனிதனை, மைதானத்திலிருந்த பார்வையாளர்களே கண்டுகொண்ட தருணமொன்றும் உண்டு. அது நமது நாட்டவர் ஒருவரோடு தொடர்புடையது. ஒக்டோபர் 14ஆம் திகதி நடந்த பத்தாயிரம் மீற்றர் ஓட்டத்தில் அமெரிக்கப் பழங்குடி மகனான பில்லி மில்ஸ் எவரும் எதிர்பாராத வண்ணம் முதலிடம் பெற்றார். மற்றையோர் யாவரும் ஓடி முடித்த பின்னரும் 67ஆம் இலக்கத்தை அணிந்த இலங்கையர் ஒருவர் தனியே ஓடிக்கொண்டிருந்தார். அவர் ரணதுங்க கருணானந்த. முதலில் கூட்டத்திலிருந்து ஏளனம் எழுந்தது. அவர் நிற்கவில்லை. அடுத்த சுற்றிலும் அவர் வந்தபோது ஏளனம் அடங்கிற்று. இறுதிச் சுற்றில் அரங்கம் முழுவதும் அவருக்காகக் கரகோஷஞ் செய்தது. அவர் கதை பின்னர் யப்பானியச் சிறுவரின் பாடநூலிலும் இடம்பெற்றது. சில நிமிடங்களுக்குள்ளேயே ஒரு பெருங் கூட்டத்தின் பார்வை மாறிற்று என்பதே இதில் நாம் கவனிக்க வேண்டியது. விருந்தினனின் கண் பிறவிக் குருடன்று. அதற்குக் காட்டுவார் வேண்டும், அவ்வளவே.

அவ்வாறாயின் இச்சிக்காவா காட்டியது போதுமா என்று கேட்பது விமர்சகனின் கடமை. இடித்துத் தகர்க்கும் இரும்புக் குண்டைக் காட்டினார். ஆனால் இடிந்த வீட்டில் வாழ்ந்தவர் யார், அவர் எங்கே போனார், அந்த நிலத்திற் புதிய தூண்களை நிறுத்தியவர் யார் என்பவற்றைப் படம் தொடரவில்லை. அழகிய முதற் காட்சியோடு அந்த வாசல் சாத்தப்பட்டு விடுகின்றது. கைப்பந்தாட்ட வீராங்கனையருட் பெரும்பாலோர் நிச்சிபோ என்னும் நூற்பு நிறுவனத்தின் ஊழியர்கள். வேலையும் பயிற்சியுமாக நள்ளிரவு வரை நீண்ட அவர்களுடைய நாட்களும் படத்தின் எல்லைக்கு வெளியே நின்றுவிடுகின்றன. மரதன் ஓட்டத்தில் இரண்டாவதாக அரங்கினுள் நுழைந்து, ஆயிரமாயிரம் கண்கள் பார்த்திருக்க, பிரித்தானிய வீரர் ஹீற்லியிடம் அவ்விடத்தை இழந்து மூன்றாம் இடம் பெற்ற ட்சுபுராயா கோக்கிச்சி, நாட்டின் எதிர்பார்ப்பைச் சுமக்க மாட்டாதவராய் 1968 யனவரியில் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். 1965இல் முடிந்த படம் இதைச் சொல்லியிருக்க இயலாது என்பது மெய். ஆனால் விழா முடிந்து விருந்தினர் விமானமேறிய பின்னரே ஒரு நகரின் கணக்கு வெளிவருகின்றது என்பதற்கு இது சான்றாகும். விழா நாட்களுக்குள் அடங்கிய கலை, எத்துணை மனிதாபிமானம் உடையதாயினும், கணக்கின் ஒரு பக்கத்தையே காட்டவல்லது.

மறுபக்கத்தை எழுதியவர் யூ மிரி. யப்பானில் வாழும் கொரியக் குடும்பத்திற் பிறந்தவர் அவர். யப்பானிய மொழியில் எழுதினும் அந்த நாட்டு மக்களாக முழுதும் ஏற்றுக்கொள்ளப்படாதோரின் அனுபவம் அவருக்குரியது. அவருடைய நாவலின் நாயகன் கஸு. ட்சுபுராயா பிறந்த அதே புக்குஷிமா மாவட்டத்தில், சோமா என்னும் கடற்கரைப் பகுதியில் 1933இற் பிறந்தவன். ஊரில் வயிறு வளர்க்க வழியில்லை. ஒலிம்பிக் போட்டிக்கு முந்திய ஆண்டில், விளையாட்டரங்குகளைக் கட்டும் கூலியாளாக அவன் டோக்கியோவுக்கு வருகின்றான். விவசாயம் ஓய்ந்த காலத்தில் வடகிழக்கு மாவட்டங்களிலிருந்து தலைநகருக்கு வந்து மண்வெட்டி பிடித்த பல்லாயிரவரின் பிரதிநிதி அவன். ஊதியத்தை ஊருக்கு அனுப்புகின்றான். ஊரிலே தான் இருக்க முடியவில்லை. மனைவி மக்களோடு கூடி வாழ்ந்த நாட்கள் மிகச் சில. மகன் இளவயதிலேயே டோக்கியோவில் இறந்துபடுகின்றான். மனைவியும் இறந்த பின்னர், பேத்திக்குப் பாரமாக இருக்க விரும்பாது ஊரை விட்டு வெளியேறி, முன்பு வந்திறங்கிய அதே உயெனோவின் பூங்காவிலே, நீலச் சீலைக் கூடாரங்களில் வாழும் வீடற்றோருள் ஒருவனாகின்றான்.

கதையைச் சொல்லும் கஸு இறந்துபோனவன். அவன் ஆவி பூங்காவிலே நின்று, கடந்து செல்வோரின் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கின்றது. வாங்கிய பொருள், உண்ட உணவு, வீட்டு விவகாரம் என்று அவர்கள் பேசிப்போகின்றனர். அவனை எவரும் காண்பதில்லை. இதை வெறும் உத்தி என்று கருதுதல் பிழை. உயிரோடிருந்தபோதும் அவனை எவரும் கண்டதில்லை என்பதே ஆசிரியர் சொல்ல வருவது. பேரரசர் குடும்பத்தினர் பூங்காவிலுள்ள காட்சிச்சாலைகளுக்கு வரும் நாட்களில், கூடாரங்களைக் கலைத்துக்கொண்டு அப்புறப்படுமாறு வீடற்றோர்க்கு அறிவித்தல் ஒட்டப்படுகின்றது. மழையானாலும் குளிரானாலும் அவர்கள் போய்விடல் வேண்டும். வண்டி சென்ற பின்னர் திரும்பி வரலாம். 1964இல் முழு நகரத்துக்கும் செய்யப்பட்டதன் சிறிய வடிவமே இது. அத்தகைய நாளொன்றில் பேரரசரின் வண்டி கஸுவின் கண்ணெதிரே கடந்து செல்கின்றது. இருவரும் ஒரே ஆண்டிற் பிறந்தவர்கள். சொல்வதற்கு அவனிடம் ஒரு வாழ்நாளே இருந்தது. குரல் எழவில்லை. கையை மட்டும் அசைக்கின்றான்.

நாவலைக் குறைகூறுவோர் இருவகைக் குறைகளைக் கூறக்கூடும். கஸு பேரரசரோடு ஒரே ஆண்டிலும், அவன் மகன் பேரரசரின் மகனோடு ஒரே நாளிலும் பிறந்ததாக அமைத்தது செயற்கை என்பது ஒன்று. இது ஓரளவு உண்மையே. ஒப்புமை சில இடங்களிற் கைமீறித் துருத்தி நிற்கின்றது. ஆயினும், ஒரே நாளிற் பிறந்த இரு குழந்தைகளுக்கு ஒரே நாடு என்னென்ன கொடுத்தது என்று கேட்பதற்கு இதனினும் நேரான வழியில்லை. மற்றைய குறை இன்னும் பாரமானது. கஸு எதிர்த்து நிற்பதில்லை, தன்னோடு மண் சுமந்தவர்களோடு அவன் ஒன்றுசேர்வதுமில்லை, விதியென்று ஏற்றுக்கொள்ளுகின்றான். உழைக்கும் மக்களின் எழுச்சியை இலக்கியத்தில் எதிர்பார்ப்பவர்க்கு இது ஏமாற்றந் தரலாம். நாமும் அத்தகைய எழுச்சியை வேண்டுபவர்களே. ஆனால் எழாத இடத்தில் எழுந்ததாகக் காட்டுவது, அறிவித்தல் பலகையைக் கழற்றி வைப்பதற்கு ஒப்பான காரியமாகும். ஒருவன் ஏன் எழ முடியாமற் போனான் என்பதை உள்ளவாறு காட்டுவதும் முற்போக்கு இலக்கியத்தின் பணியே. இந்நாவல் மோர்கன் ஜைல்ஸின் ஆங்கில மொழிபெயர்ப்பில் 2020இல் அமெரிக்காவின் தேசிய நூல் விருதை மொழிபெயர்ப்பு இலக்கியப் பிரிவிற் பெற்றது.

நாவல் வெளிவந்த பின்னர் டோக்கியோ மீண்டும் ஒலிம்பிக் நகரமாயிற்று. 1964ஆம் ஆண்டுப் போட்டியை ஒட்டி வீடிழந்தோர் சிலர், தேசிய அரங்குக்கு அருகே கசுமிகாவோக்கா என்னுமிடத்தில் எழுந்த நகராட்சித் தொடர்மாடி வீடுகளிற் குடியேறியிருந்தனர். புதிய அரங்கை அமைப்பதற்காக அந்த மாடிவீடுகளும் அகற்றப்பட்டன. இளமையில் ஒரு முறை, முதுமையில் ஒரு முறை என ஒரே விழாவின் பெயரால் இருமுறை வெளியேற்றப்பட்டவர்களும் அவர்களுள் உளர். முதியோரின் இந்த இறுதி நாட்களை ஆஓயாமா ஷின்யா ஆவணப்படமாக்கினார். இச்சிக்காவா காட்டிய இரும்புக் குண்டு விழும் வீட்டுக்குள்ளே நின்று எடுத்த படம் அது எனலாம். பெருநோய் காரணமாக ஓராண்டு பிந்தி, 2021 யூலை 23 முதல் ஓகஸ்ட் 8 வரை போட்டிகள் நடந்தபோது, வெளிநாட்டுப் பார்வையாளர் எவரும் அனுமதிக்கப்படவில்லை. டோக்கியோவின் அரங்குகளுக்கு உள்ளூர் மக்களும் வரவில்லை. விருந்தினருக்காகவே நகரை இடித்துக் கட்டினோம் என்றனர்; விருந்தினரே வராதபோதும் விழா நடந்தது. அப்படியாயின் விழா யாருக்காக என்னும் வினாவை, வெறுமையான அந்த இருக்கைகளே எழுப்பின.

இவற்றையெல்லாம் கண்டு, விளையாட்டு விழா என்பதே மக்களை மயக்கும் வித்தையென்று முடிவுகட்டுவோர் உளர். விளையாட்டில் அரசியலுக்கு இடமில்லை, விழாவை விழாவாகப் பார்க்க வேண்டும் என்போரும் உளர். முன்னவர், கருணானந்தவுக்காகக் கைதட்டிய மக்களின் நெஞ்சை அறியாதவர். பின்னவர், அந்த மக்கள் அமர்ந்திருந்த இருக்கைகளை அமைத்த கஸுவை அறியாதவர். இரு சாராரும் நகரின் ஒவ்வொரு வாசலை மட்டுமே அறிவர். 2024இல் பாரிஸ் நகரில் ஒலிம்பிக் போட்டி நடைபெறுமுன், வீதிகளில் வாழ்ந்த ஏதிலிகளும் வீடற்றோரும் பஸ்களில் ஏற்றப்பட்டு வேறு நகரங்களுக்கு அனுப்பப்பட்டதை அந்நாட்டுத் தொண்டர் அமைப்புக்கள் எடுத்துக்காட்டின. பெர்லினில் ஆட்சி செய்தது கொடுங்கோன்மை; பாரிஸில் இருப்பது ஜனநாயகம். இவ்விரண்டையும் ஒன்றெனச் சொல்லுதல் அறிவுடைமையன்று. பாரிஸின் செய்தி வெளியே வரக்கூடியதாயிருந்ததே பெரிய வேறுபாடு. ஆனால் விருந்தினர் வருமுன் ஏழையை அப்புறப்படுத்தும் வழக்கம் ஆட்சிமுறைகளைக் கடந்து நிற்கின்றது என்பதையும் நாம் மறத்தலாகாது.

பிறநாட்டு விழாக்களைக் கண்டு வந்து தமிழில் எழுதும் பிரயாண நூல்களில், கட்டடங்களின் உயரமும் வண்டிகளின் வேகமும் வீதிகளின் துப்புரவும் குறைவின்றி இடம்பெறுகின்றன. அவற்றை எழுத வேண்டாமென்று நாம் கூறவில்லை. கஸுவும் அவன் தோழர்களும் கட்டியவை அவை. அவற்றை வியப்பது அவர்களுடைய உழைப்பை வியப்பதுமாகும். ஆனால் விமான நிலையத்தில் இறங்கிய எழுத்தாளர், விழா நாட்களில் ஒரு நாளையேனும் உயெனோ போன்ற ஒரு நிலையத்தில் கழித்தல் வேண்டும். அங்கே மூட்டையோடு இறங்குபவன் எந்த ஊரான், அவனுடைய ஊரில் ஏன் வேலையில்லை, விழா முடிந்ததும் அவன் எங்கே உறங்குவான் என்று விசாரித்தல் வேண்டும். அதன் பின் அவர் அரங்குக்குச் சென்று மனமாரக் கைதட்டட்டும். அவர் எழுதும் நூலில் நகரத்தோடு அந்த மக்களும் இருப்பார்கள்.